‘ஹாலு’க்கு முன்னால் பால்

காலை ஆறரை மணி. பெங்களூர், ஈஜிபுரா மெயின் ரோடு. 2017இல் வேலை தொடங்கி, வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டே வந்த மேம்பாலத்தின் தூண்களுக்குச் சற்றுத் தள்ளி ஒரு நந்தினி பால் கடை. சீருடையில் ஒரு பையன், ஒன்பதாம் வகுப்பு இருக்கும். “அண்ணா, ஒந்து லீட்டர் ஹாலு கொடி” என்று கடைக்காரரிடம் கேட்கிறான். கையிலிருந்த போன் அடிக்கிறது. “வாங்கிட்டேம்மா, பால் வாங்கிட்டேன். தயிர் வேணுமா?” என்கிறான். இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் அவன் மூச்சுகூட விடவில்லை.

கடைக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு ‘கண்ணீர் அஞ்சலி’ பிளெக்ஸ், முழுக்கத் தமிழில். அதைப் படிக்கச் சொன்னேன்.

“போட்டோவப் பாத்தா தெரியுதுண்ணா, பின்னாடி தெரு தாத்தா. எழுத்து தெரியாது. பேச மட்டும்தான் வரும்.”

“கன்னடம்?”

“ஃபர்ஸ்ட் லாங்குவேஜே அதுதானே. ஆனா ஹளெகன்னடப் பாட்டு இருக்கு பாருங்க, அதுதான் கஷ்டம். மிஸ் சொல்ற அர்த்தத்த அப்படியே மனப்பாடம் பண்ணிடுவேன்.”

ஹளெகன்னடம் என்பது பழைய கன்னடம். கர்நாடக உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதுதான் சிம்மசொப்பனம். அந்தப் பழைய கன்னடத்தில் ‘ஹாலு’ கிடையாது. பாலுக்குப் பெயர் ‘பால்’தான். புலி புலியாகவே இருந்தது, பின்னால்தான் ஹுலி ஆனது. பத்து ஹத்தானது, பல் ஹல்லானது, பள்ளி ஹள்ளியானது. சொல்லின் தொடக்கத்தில் இருந்த பகரம் ஏறக்குறைய 10ஆம் நூற்றாண்டு முதல் 14ஆம் நூற்றாண்டுக்குள் மெல்ல மெல்ல ஹகரமாக மாறியது. ‘ஹளெகன்னடம்’ என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 9ஆம் நூற்றாண்டின் ‘கவிராஜமார்க்கம்’ அதை ‘பழகன்னடம்’ என்கிறது, ழகரத்தோடு. பழைய கன்னடத்தில் ழகரமும் இருந்தது, றகரமும் இருந்தது. மழையை மழெ என்றே எழுதினார்கள்.

வகுப்பில் மற்ற பிள்ளைகளுக்கு எட்டாத ஒரு சாவி, பால் பாக்கெட்டோடு நிற்கிற இந்தப் பையனின் வாயில் இருக்கிறது. அப்படி ஒன்று இருப்பதை அவனிடம் யாரும் சொல்லவில்லை.

இலத்தீனுக்கு வந்த யோகம்

கொஞ்சம் இங்கிலாந்துக்குப் போய்வருவோம். 2021 ஜூலையில் அந்நாட்டுக் கல்வி அமைச்சர் கேவின் வில்லியம்சன் ஒரு திட்டத்தை அறிவித்தார். 40 அரசுப் பள்ளிகளில் 11 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு இலத்தீன் சொல்லிக்கொடுப்பது. செலவு 40 இலட்சம் பவுண்டு. அப்போது சொல்லப்பட்ட காரணம் ஒரு கணக்கு. அரசுப் பள்ளிகளில் கீழ் வகுப்புகளில் இலத்தீன் கற்பிப்பவை 2.7 சதவீதம். கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளில் 49 சதவீதம். பணக்கார வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கிற மொழி ஏழை வீட்டுப் பிள்ளைக்கு ஏன் கிடைக்கக் கூடாது என்பது வாதம். இலத்தீன் தெரிந்தால் ஆங்கிலச் சொற்களின் வேர் புரியும், மற்ற ஐரோப்பிய மொழிகளும் சுலபமாகும் என்றார்கள். 2010இலிருந்தே ‘கிளாசிக்ஸ் ஃபார் ஆல்’ என்ற அறக்கட்டளை அரசுப் பள்ளிகளுக்கு இலத்தீனையும் கிரேக்கத்தையும் கொண்டுபோகும் வேலையைச் செய்துவருகிறது.

அரசின் திட்டம் நீடிக்கவில்லை. ஆட்சி மாறியது, பணம் இல்லை என்றார்கள், 2025 பிப்ரவரியோடு நிறுத்திவிட்டார்கள். அதுவும் கல்வியாண்டின் நடுவில். பாதி கற்ற பிள்ளைகள் பாதியிலேயே நின்றார்கள்.

இதில் எனக்குப் பொறாமையாக இருந்தது ஒன்றே ஒன்று. எந்த வீட்டிலும் பேசாத மொழிக்காக அந்த நாட்டில் ‘ஏழைப் பிள்ளைக்கும் உரிமை உண்டு’ என்று ஒரு வாக்குவாதமாவது நடந்தது. ஈஜிபுராவில் நிலைமை தலைகீழ். 2004 அக்டோபரில் செம்மொழி என்று இந்திய அரசு முத்திரை குத்திய முதல் மொழி, இங்கே கூலி வேலைக்குப் போகிறவர் வீட்டு அடுக்களையில் புழங்குகிறது. கடைத்தெருவிலும் வகுப்பறையிலும் புழங்கும் மொழி 2008இல் அதே முத்திரையைப் பெற்ற கன்னடம். இரண்டு செம்மொழியைக் காலை ஏழு மணிக்குள் பேசி முடித்துவிடுகிற பிள்ளைக்கு இரண்டின் செம்மையும் எட்டாத உயரத்தில் இருக்கிறது.

125 மதிப்பெண்

கர்நாடகத்துக்கும் ஒரு ‘இலத்தீன்’ உண்டு. அதன் பெயர் சமஸ்கிருதம். இங்கே பத்தாம் வகுப்பில் முதல் மொழிக்கு 125 மதிப்பெண், மற்ற மொழிகளுக்கு 100 என்பது நெடுங்காலமாக இருந்துவரும் ஏற்பாடு. முதல் மொழியாக எடுத்துக்கொள்ளக்கூடிய பட்டியலில் கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது, மராத்தி, இந்தி, ஆங்கிலத்தோடு சமஸ்கிருதமும் இருக்கிறது. நகரத்துத் தனியார் பள்ளிகளில் அதற்கு எப்போதும் கூட்டம். பக்தியா, இலக்கிய ருசியா என்று கேட்டால் பெற்றோர்களே சிரிப்பார்கள். மதிப்பெண் அள்ளலாம், அவ்வளவுதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சமஸ்கிருதத்தைத் தாய்மொழி என்று எழுதியவர்கள் இந்தியா முழுவதிலும் 24,821 பேர். அதே கணக்கெடுப்பில் கர்நாடகத்தில் மட்டும் தமிழைத் தாய்மொழி என்றவர்கள் 21 இலட்சத்துக்கும் மேல்.

இந்தச் சமஸ்கிருத விவகாரம்தான் 1980களின் தொடக்கத்தில் கர்நாடகத்தையே உலுக்கியது. பள்ளியில் கன்னடத்துக்கு உரிய இடம் எது என்று ஆராய வி.கே. கோகாக் தலைமையில் 1980இல் குழு அமைத்தார்கள். 1981இல் அறிக்கை வந்தது. கன்னடமே முதல் மொழி என்றது அறிக்கை. அரசு தயங்கியது. 1982இல் நடிகர் ராஜ்குமார் தெருவில் இறங்கினார். பிறகு நடந்தது கோகாக் கிளர்ச்சி என்று வரலாற்றில் இருக்கிறது. பெங்களூர்த் தமிழர்களுக்கு அந்த நாட்கள் வேறு விதமாக நினைவிருக்கும். சமஸ்கிருதத்தோடு தொடங்கிய வழக்கு, போகப்போகத் தமிழும் உருதும் பேசுகிறவர்களின் வீட்டு வாசலுக்கு வந்து நின்றது. நீதிமன்றங்கள் பல சுற்று பார்த்துவிட்டன. இப்போது 2015ஆம் ஆண்டின் கன்னட மொழிக் கற்றல் சட்டப்படி எந்தப் பள்ளியானாலும் முதல் அல்லது இரண்டாம் மொழியாகக் கன்னடம் கட்டாயம்.

அதில் எனக்குப் புகார் இல்லை. வாழ்கிற ஊரின் மொழி தெரியாமல் வாழ்வது பிள்ளைக்குத்தான் நட்டம். தமிழ்நாடும் 2006இல் தமிழ் கற்றல் சட்டம் கொண்டுவந்து இதையேதான் செய்தது. அங்கே ஓசூர்ப் பக்கம் கன்னடமும் தெலுங்கும் பேசுகிற வீடுகளில் இதே புலம்பல் கேட்கிறது. அத்திப்பள்ளி எல்லையில் நின்று பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே முகம்.

சட்டம் பிள்ளைகளுக்கு இன்னொரு பக்கமும் பேசுகிறது. 1956இல் ஏழாவது திருத்தத்தின் வழியே அரசியலமைப்பில் சேர்ந்த 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்யச் சொல்கிறது. அதற்கும் முன்னால், 1949இல் கூடிய மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு ஒரு அளவுகோல் வைத்தது: ஒரு வகுப்பில் 10 பேர், அல்லது ஒரு பள்ளியில் 40 பேர் இருந்தால் அந்த மொழிக்கு ஒரு ஆசிரியர். ஈஜிபுராவில் பத்துத் தமிழ்ப் பிள்ளைகளைச் சேர்க்க ஒரு சந்துக்குள் போனால் போதும். ஆனால் பெங்களூரின் தமிழ்வழிப் பள்ளிகள் தேய்ந்துகொண்டே வருவதற்கு அரசை மட்டும் குறை சொல்லவும் முடியாது. பெற்றோர் கேட்பது ஆங்கிலம். வீட்டு வேலை, பெயிண்டிங், கட்டட வேலை என்று ஓடுகிறவர்கள் வருமானத்தில் பெரிய பங்கைக் கொட்டி, பெயரில் ‘இங்கிலீஷ்’ உள்ள ஏதோ ஒரு சின்னத் தனியார் பள்ளியில் சேர்க்கிறார்கள். அவர்களுக்குச் சங்க இலக்கியத்தின் பெருமை சொல்லப்போனால் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். நியாயம்தான்.

இந்த ஊரின் ஏழைப் பிள்ளைகள் பள்ளியை எப்படி இழக்கிறார்கள் என்பதற்கு வேறொரு ஞாபகமும் இருக்கிறது. ஈஜிபுராவில் பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்காகக் கட்டிய குடியிருப்பு, ‘ஈ.டபிள்யூ.எஸ். குவார்ட்டர்ஸ்’. கட்டடங்கள் சிதிலமாகி, மக்கள் அதே இடத்தில் தகரக் கொட்டகை போட்டு இருந்தார்கள். 2013 ஜனவரியில் புல்டோசர் வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் தெருவுக்கு வந்தன, அதில் கணிசமானோர் தமிழ் பேசும் தலித் மக்கள். கல்வியாண்டு முடிய இன்னும் சில மாதங்களே இருந்தன. அந்தச் சமயத்தில் செம்மொழி என்று யாராவது வாய் திறந்திருந்தால் எனக்கே கோபம் வந்திருக்கும்.

அப்படியானால் இப்போது ஏன் திறக்க வேண்டும்? அந்தப் பையன் ஹளெகன்னடத்தை மனப்பாடம் செய்கிறான் என்பதால். தேர்வில் அதற்கு மதிப்பெண் உண்டு. அவன் வீட்டு மொழி அந்தப் பாடத்துக்கு உதவும். சங்கக் கவிதையை அலங்காரமாக நீட்டுகிற வேலை இதில் இல்லை.

யார் மூத்தவர்?

2025 மே மாதம் கமல்ஹாசன் ஒரு மேடையில், தமிழிலிருந்து பிறந்தது கன்னடம் என்ற பொருளில் ஒரு வரி பேசினார். கர்நாடகம் கொதித்தது. அவருடைய ‘தக் லைஃப்’ ஜூன் 5 அன்று மற்ற இடங்களில் வெளியானபோது இங்கே வெளியாகவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த வாரங்களில் ஈஜிபுராவில் தமிழை வாய்க்குள்ளேயே பேசியவர்கள் உண்டு. 1991 காவிரிக் கலவரத்தைப் பார்த்தவர்களுக்கு எதற்கு எப்படிப் பயப்பட வேண்டும் என்று தெரியும்.

மொழியியல் படித்தவர்கள் அந்த வரியை ஒத்துக்கொள்வதில்லை. தமிழும் கன்னடமும் ஒரு மூலத் திராவிட மொழியிலிருந்து கிளைத்த உறவுகள். தாய்-மகள் உறவு இல்லை. இதை எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் கரும்பலகையில் பத்து நிமிடத்தில் காட்டலாம்.

ஒரு பக்கம் பால், புலி, பத்து என்று எழுதுங்கள். எதிரே ஹாலு, ஹுலி, ஹத்து. இந்த வரிசையில் பழைய ஒலியைக் காப்பாற்றியது தமிழ். தமிழ்ப் பிள்ளை நெஞ்சை நிமிர்த்துவான். உடனே அடுத்த வரிசை: செவி, சேரி, செய், செம்மை. எதிரே கிவி, கேரி, கெய், கெம்பு. இதில் பழையது ககரம். எ, இ போன்ற உயிர்களுக்கு முன்னால் வந்த ககரத்தைச் சகரமாக மாற்றிக்கொண்டது தமிழ். மாற்றாமல் வைத்திருப்பது கன்னடம். கன்னடப் பிள்ளை நெஞ்சை நிமிர்த்துவான். சங்கப் பாட்டில் வரும் ‘செவி’யை ஈஜிபுரா வீட்டில் யாரும் சொல்வதில்லை, ‘காது’தான். ஆனால் டாக்டரிடம் போனால் அந்தப் பையன் ‘கிவி நோவு’ என்பான். சங்கத் தமிழுக்குப் போகும் பாதை அவனுக்குக் கன்னடம் வழியாகவும், பழகன்னடத்துக்குப் போகும் பாதை தமிழ் வழியாகவும் திறந்திருக்கிறது. கமல் பேசிய வரிக்கு இதைவிட நல்ல பதில் கன்னட அமைப்பான கர்நாடக ரட்சண வேதிகேயாலும் கொடுக்க முடியாது.

இலத்தீன் படித்தால் ஆங்கிலச் சொல்லின் வேர் புரியும் என்று இங்கிலாந்தில் சொன்ன வாதம் இங்கே இன்னும் பலமாகப் பொருந்துகிறது. அங்கே மொழியையே புதிதாகக் கற்க வேண்டும். இங்கே பாதி கற்றாகிவிட்டது.

கல்லில் இருக்கும் பாடநூல்

இதற்குப் பாடநூல் எங்கே என்று கேட்பார்கள். ஈஜிபுராவிலிருந்து ஆட்டோ பிடித்தால் கோரமங்களாவைத் தாண்டிக் கால் மணியில் மடிவாளா. (டிராபிக் இருந்தால் முக்கால் மணி, எப்போது இல்லை?) அங்கே சோமேசுவரர் கோயில் சுவரில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. 1247ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒன்று, வெங்கலூரின் பெரிய ஏரிக்குக் கீழே உள்ள நிலத்தைக் கொடையாகக் கொடுத்ததைச் சொல்கிறது. வெங்கலூர்தான் பெங்களூர். பக்கத்துத் தாவரெகெரெ அங்கே தாமரையோடு வருகிறது. பஸ் போர்டில் தினமும் பார்க்கிற பெயர் எண்ணூறு வருடம் முன்பு எப்படி எழுதப்பட்டது என்பதை ஒரு பிள்ளை விரலால் தொட்டுப் படிக்கலாம். வடக்கே தொம்மலூர் சொக்கநாதசுவாமி கோயிலிலும் தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு.

தெற்கே போனால் பேகூர். அங்குள்ள கோயிலில் ஏறக்குறைய 890ஆம் ஆண்டைச் சேர்ந்த வீரக்கல், ‘பெங்களூருப் போர்’ என்று குறிப்பிடுகிறது. ஊரின் பெயர் முதலில் தென்படும் அந்த எழுத்து, பழகன்னடத்தில். கெம்பேகவுடா 16ஆம் நூற்றாண்டில் கோட்டை கட்டுவதற்கு ஆறேழு நூற்றாண்டுக்கு முன்னாலேயே ஊர் இருந்தது என்று காட்டும் கல் அது. 2018இல் ஹெப்பாளில் கண்டெடுத்த ‘கிட்டய்யா’ கல்வெட்டு அதற்கும் மூத்தது, 750ஐ ஒட்டியது. பி.எல். ரைஸ் ‘எபிகிராபியா கர்னாடிகா’ தொகுதிகளில் இந்த வட்டாரக் கல்வெட்டுகளை எப்போதோ அச்சேற்றிவிட்டார். மிதிக் சொசைட்டி இப்போது பெங்களூர்க் கல்வெட்டுகளை முப்பரிமாண ஸ்கேன் செய்து வைக்கிறது. ஒரே நகரம், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் இரண்டு செம்மொழிக் கல். ரோமில்கூட இலத்தீன் ஆசிரியருக்கு இந்தக் கொடுப்பினை கிடையாது என்று கொஞ்சம் மிகைப்படுத்திச் சொல்லத் தோன்றுகிறது.

தமிழ் இலக்கணம் படிக்கிற எவரும் தொடாமல் போக முடியாத ‘நன்னூல்’ கதையும் இந்தப் பக்கத்ததுதான். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் அதை எழுதியது சீயகங்கன் கேட்டுக்கொண்டதால். கோலாரின் பழம்பெயரைப் பட்டமாகச் சுமந்த கங்கர் மரபைச் சேர்ந்தவன் அவன். அதே நூற்றாண்டில்தான் கேசிராஜன் கன்னடத்துக்கு ‘சப்தமணிதர்ப்பணம்’ எழுதினான். இரண்டு இலக்கணக்காரர்களும் சமணர்கள். இரண்டு நூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஒரு பாடம் எந்தப் பள்ளியிலும் இல்லை என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

கிரேக்கத்துக்கும் இங்கே ஒரு நூலிழை தொங்குகிறது. எகிப்தின் ஆக்சிரிங்கசில் கிடைத்த பாப்பிரசுகளில் ஒரு கிரேக்க நாடகம், 1903இல் பதிப்பித்தார்கள். இந்தியக் கடற்கரையில் ஒரு ராஜாவிடம் சிக்கிய கிரேக்கப் பெண்ணின் கதை. ராஜாவும் ஆட்களும் பேசுவது புரியாத ஒரு மொழி. அது கன்னடமே என்றார் கல்வெட்டு அறிஞர் ஹுல்ட்ஷ். மைசூரில் அர்த்தசாஸ்திரத்தை வெளிக்கொண்டுவந்த சாமசாஸ்திரியும் அதற்குப் பின்னால் நின்றார். வெறும் உளறல் என்று சிரித்தவர்களும் உண்டு. தொல்காப்பியத்தில் வரும் ‘ஓரை’, கிரேக்க ‘ஹோரா’ என்பார்கள். யவனக் கப்பல்களுக்கு மொழி எல்லை இருந்ததில்லை.

போப் ஐயரின் பள்ளிக்கூடம்

செம்மொழிகளை இங்கே அக்கம்பக்கமாகக் கற்பித்தவர்கள் உண்டா? உண்டு. ஜி.யு. போப், இளம் வயதில் திருநெல்வேலிச் சீமையில் சாயர்புரத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு குருமடம் நடத்தினார். பனங்காட்டுக்கு நடுவே, 1840களில், அந்தப் பிள்ளைகளுக்கு இலத்தீன், கிரேக்கம், எபிரேயம். அதே போப் 1871இலிருந்து பத்தாண்டுகளுக்கு மேல் பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளியின் தலைவராக இருந்தார். அதன் பிறகு ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய்த் தமிழும் தெலுங்கும் கற்பித்தார். அவர் திருக்குறள் மொழிபெயர்ப்பு 1886இல் வந்தது. குறளை முதலில் இலத்தீனுக்குக் கொண்டுபோன வீரமாமுனிவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தமிழ் இலக்கணத்தையே இலத்தீனில் எழுதி 1738இல் தரங்கம்பாடியில் அச்சிட்டவர்கள் காலம் அது. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்த சி.வை. தாமோதரம்பிள்ளைதான் பின்னால் கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார்.

இவர்களுடைய நோக்கம் மதம், நிர்வாகம், இன்னும் என்னென்னவோ. ஆனால் பனையேறி வீட்டுப் பிள்ளைக்குக் கிரேக்கம் வராது என்று அவர்கள் நினைக்கவில்லை. இன்றைய நம் கல்வித்துறைகளில் அந்த நம்பிக்கை தென்படவில்லை.

செம்மொழி முத்திரைக்குப் பிறகு வந்ததெல்லாம் மேலிடத்துக்கு வந்தது. ஆய்வு நிறுவனம், விருது, கருத்தரங்கம். ஒரு வேடிக்கை: செம்மொழித் தமிழின் முதல் மத்திய மையம் 2006இல் தொடங்கியது மைசூரில். 2008இல்தான் சென்னைக்கு மாறியது. இரண்டு வருடம் கர்நாடகத்திலேயே இருந்த அந்த மையத்திலிருந்து ஒரு பக்கத் துண்டறிக்கைகூட ஈஜிபுராப் பள்ளிக்கு வந்திருக்காது என்று பந்தயம் கட்டுவேன். செம்மொழிக்குப் பள்ளியில் இடம் என்று எழுதிய ஆவணம் 2020இன் தேசியக் கல்விக் கொள்கை. 6 முதல் 12 வரையிலான வகுப்புகளில், எந்தப் பள்ளியானாலும், குறைந்தது இரண்டு ஆண்டு ஒரு இந்தியச் செம்மொழியைக் கற்க வாய்ப்பு என்கிறது. அந்தக் கொள்கையே வேண்டாம் என்று கர்நாடக அரசு 2023இல் தனிக் குழு அமைத்துவிட்டது. கொள்கையின் மும்மொழிச் சண்டையில் இந்த ஒரு வரி அடியில் மாட்டிக்கொண்டது. ஆளுக்கொரு காரணத்தால் அந்த வரியை எழுதியவர்களும் மறுத்தவர்களும் அதைக் கையில் எடுக்கவில்லை.

எனக்குத் தோன்றுவது சின்ன ஏற்பாடுதான். தனிப் பாடம் வேண்டாம், 125 மதிப்பெண் வேண்டாம். மதிப்பெண் வந்தாலே டியூஷனும் கைடும் வந்துவிடும். கன்னட ஆசிரியருக்குக் கிடைக்கும் ஹளெகன்னடப் பாட வேளைகளில் ஒன்றை, தமிழோ தெலுங்கோ பேசுகிற பிள்ளைகளின் சொற்களோடு சேர்த்து நடத்தும் பயிற்சி போதும். தமிழ் எழுத்து தெரியாத பிள்ளைகளுக்கு, பள்ளி முடிந்த பிறகு வாரம் இரண்டு மணி நேரம். அல்சூர் ஏரிக்கரையில் 1950இலிருந்து இருக்கிற பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் போன்றவர்கள் மனம் வைத்தால் ஆள் அனுப்ப முடியாதா? அதே ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை 1991 முதல் 18 வருடம் சாக்குத் துணிக்குள் நின்றது. 2009 ஆகஸ்டில் இங்கே அதைத் திறந்தார்கள், நான்கு நாள் கழித்துச் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையைத் திறந்தார்கள். சிலைக்குச் சிலை என்று கணக்குப் பார்த்துச் செய்ய முடிந்த இரண்டு அரசுகளுக்கு, ஆசிரியருக்கு ஆசிரியர் என்ற கணக்கு மட்டும் இன்னும் வரவில்லை. ஓசூருக்கு ஒரு கன்னட ஆசிரியர், ஈஜிபுராவுக்கு ஒரு தமிழ் ஆசிரியர்.

பால் கடைப் பையனிடம் புலி, ஹுலி விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு அவனாகவே ஒன்றொன்றாக மாற்றிப் பார்த்தான். “அப்போ ஹூவுன்னா பூ... ஹெண்ணுன்னா பெண்ணு... ஹோகுன்னா போகு, போ...” கடைக்காரரும் சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மண்டியாக்காரர்.

“ஹோட்டல்?” என்றார் அவர்.

மூன்று பேரும் சிரித்தோம். போன் மறுபடி அடித்தது. தயிர் வேண்டுமாம்.